சொல்லி அடிப்பதா, முந்தி அடிப்பதா?

எங்கள் வன்னிப் பக்கத்தில் பைக் டிராக் (drag) ஓட்டம், அதாவது நேர் வீதியில் குறுந்தூரப் போட்டி, இரண்டு முறை நடத்திப் பார்த்தாயிற்று. முதல் வருடம் சிசி பிரித்து இரண்டிரண்டாக ஓடவிட்டோம். கோட்டை முதலில் தாண்டியவருக்கு வெற்றி. அடுத்த வருடம் முறையை மாற்றினோம். தன் பைக் எத்தனை செக்கனில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முதலிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த நேரத்துக்குக் கிட்ட ஓடிக் காட்டவேண்டும். வெளிநாடுகளில் இதை பிராக்கெட் என்கிறார்கள். எங்கள் பொடியள் வைத்த பெயர் ‘சொல்லி அடித்தல்’. நான் சொல்லி அடிக்கிற கட்சி. இனிமேல் எழுதுவதை அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதேச சபையிடமும் பொலிஸிடமும் எழுத்தில் அனுமதி, இரண்டு முனையிலும் அடைத்த வீதி, ஒரு ஆம்புலன்ஸ், முழுமுகத் தலைக்கவசம், கையுறை, சப்பாத்து. இதில் ஒன்று குறைந்தாலும் தொடங்கவேண்டாம். டிராக் ஓட்டத்தின் வழக்கமான தூரமான கால் மைல் என்பது 402 மீற்றர். நிறுத்துவதற்கு வேண்டிய தூரத்தையும் சேர்த்தால் ஒரு கிலோமீற்றர் நேர் வீதி வேண்டும். நாங்கள் பாதியோடு, 201 மீற்றரோடு நின்றோம். சின்ன பைக்குகளுக்கு அது போதும். விடியவே தும்புத்தடியோடு நாலு பேர் இறங்கி, பக்க ஒழுங்கைகளிலிருந்து கார்ப்பட் வீதிக்கு வந்த கிரவலைக் கூட்டித் தள்ளவேண்டும். மாடு கலைக்க இரு பக்கமும் சைக்கிளில் ஆள் வேண்டும். வன்னியில் இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம்; எல்லோருக்கும் ஓட்டம் பார்க்கவேண்டும்.

முந்தி அடிக்கும் முறைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. விளக்கம் தேவையில்லை. மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். எது முன்னால் வந்தது என்று திடலின் ஓரத்தில் கச்சான் கொறிக்கும் கிழவருக்கும் தெரியும். கொடி போட ஒருவர், முடிவுக் கோட்டில் நடுநிலையான இரண்டு பேர் இருந்தால் போட்டி நடந்துவிடும். சத்தமும் அதில்தான் கூட.

சிக்கல் சிசியில் தொடங்கியது. 150 பிரிவு என்று வைத்தோம். பழைய பல்சர் 150க்கும் 180க்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) ஒன்றுதான், 56.4 மில்லிமீற்றர். போர் (bore, சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும் 58இலிருந்து 63.5க்குப் போகிறது. 150இல் பெரிய போர் ஏற்றிக்கொண்டு வந்தால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அளக்க வேண்டுமென்றால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவேண்டும். யார் கழற்றுவது, கழற்றினால் புதிதாகப் போடவேண்டிய கஸ்கெற்றுக்குக் காசு யார் தருவது? அரையிறுதியில் இதற்கே முக்கால் மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் கழற்றவில்லை, மனஸ்தாபம் மட்டும் மிச்சம். அதற்கு மேல் ஓடுபவரின் எடை. நூற்றுச் சொச்சம் கிலோ பைக்கில் 55 கிலோ தம்பியும் 85 கிலோ அண்ணையும் ஏறினால் அது சமமான போட்டியா?

இதையெல்லாம் விதி போட்டுச் சமாளிக்கலாம். நான் கட்சி மாறியதற்குக் காரணம் வேறு. பின்னேரம் அந்த பைக் வீடு போகவேண்டும்.

முதல் வருடம் நானும் ஓடினேன். முந்தவேண்டும் என்றால் பைக்கை மாற்றத்தான் வேண்டும். ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினேன், பின் ஸ்பிறொக்கெற்றில் பல்லைக் கூட்டினேன். புறப்பாடு நன்றாக வந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் 92 ஒக்டேன் பெற்றோலில் என்ஜின் தட்டத் தொடங்கியது. 95 தேடி ஒவ்வொரு பெற்றோல் செட்டாக அலைந்தேன். ஏ9 வீதியில் 60க்கு மேல் போனால் காது அடைக்கும் கத்தல். லீற்றருக்கு ஓடும் தூரம் கண்ணுக்கு முன்னே குறைந்தது. 2022இல் கியூஆர் அட்டையோடு கிழமைக்கு 4 லீற்றருக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தக் குறைவு சும்மா தெரியாது, வலிக்கும்.

அதைவிடக் கிளச். டிராக் ஓட்டத்தில் பைக்கைக் கொல்வது வேகத்தைவிடப் புறப்பாடுதான். என்ஜினை உச்சத்தில் வைத்துக் கிளச்சை அரைவாசியில் பிடித்து விடும் அந்த ஒரு செக்கனில் பிளேட்டுகள் உரசிக் கருகுகின்றன. ஐந்தாவது ஓட்டத்திலேயே எனக்கு அந்த மணம் வந்தது. அடுத்த நாள் மில்லுக்கு ஒரு மூட்டை நெல் ஏற்றிக்கொண்டு போனேன். குளக்கட்டு ஏற்றத்தில் என்ஜின் கத்துகிறது, சில்லு நகரவில்லை. மூட்டையை இறக்கி, பைக்கைத் தள்ளி, திரும்ப வந்து மூட்டையைத் தூக்கினேன். எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, “தம்பி, நேற்று வென்றனீங்களோ?” என்று கேட்டார். காலிறுதியில் தோற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

கொழும்பில் போட்டிக்கென்று தனி பைக் வைத்திருப்பவருக்கு இது கதையல்ல. இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு பைக். அதிலும் பாதி லீசிங். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய பைக்கின் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய போர் ஏற்றிய, ஹெட் சீவிய பைக்கை விற்கப் போனால் வாங்குபவர் கூட்டிவரும் மெக்கானிக் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

சொல்லி அடிக்கும் முறையில் பைக்கை மாற்ற எந்தத் தூண்டுதலும் இல்லை. பைக் எப்படியோ அப்படியே வரலாம். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஓடுவதுதான் திறமை, அதற்குக் கிளச்சை வதைக்கத் தேவையில்லை. போன முறை நடந்த ஒரு ஓட்டத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கம் பால் எடுக்கும் அண்ணை ஒருவரின் சிடி 100, சின்ன பைக். பால் கான் கொழுவும் கொக்கியைப் பரிசோதனையில் கழற்றச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டு கழற்றினார். அவர் எழுதிக் கொடுத்தது 14.10 செக்கன். மற்றப் பக்கம் பல்சர், 11.90. ஆகவே சிடிக்குப் பச்சை விளக்கு 2.20 செக்கன் முந்தி விழும். பல்சர் துரத்திப் பிடித்து ஒரு பைக் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டியது. சனம் ஆர்ப்பரித்தது. பலகையில் நேரம் வந்தது: பல்சர் 11.86. சொன்னதைவிட 0.04 வேகம். சொன்னதற்குக் குறைவாக ஓடினால் தோல்வி. இருவருமே குறைவாக ஓடினால்தான் யார் கூடக் குறைத்தார் என்று பார்ப்பது; கூடக் குறைத்தவருக்குத் தோல்வி. பால்கார அண்ணை 14.15 ஓடியிருந்தார். வெற்றி அவருக்கு. அவருக்கே அதை இரண்டு முறை விளக்கவேண்டியிருந்தது.

புறப்பாட்டில் தூங்கினால் தப்பலாம் என்றும் நினைக்கவேண்டாம். ஓடிய நேரம் முன் சில்லு தொடக்கக் கோட்டிலுள்ள லேசர் ஒளியை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். ஆகவே பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் கெடாது, ஆனால் மற்றவர் முதலில் கோட்டைத் தாண்டிவிடுவார், போட்டிதான் கெடும். பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு, கதை முடிந்தது. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைந்து பைக் சோம்பும். காலையில் சொன்ன நேரத்தை மதியம் திருத்திக் கொடுக்கத் தெரிந்தவர்தான் கடைசிவரை நின்றார்.

இந்த முறைக்கான விலையையும் சொல்லவேண்டும். கையால் அழுத்தும் ஸ்டொப்வொட்சால் முடியாது. விரல் அழுத்துவதில் வரும் பிழையே 0.04ஐ விழுங்கிவிடும். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் லேசர் விளக்கும் ஒளி உணரியும் அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் வைத்துக் கருவி செய்து தந்தார். பத்து மணி வெயிலில் அது குருடாகிவிட்டது. பிவிசி குழாயைச் சாணளவு வெட்டி, உள்ளே கறுப்புப் பூசி, உணரியை அதற்குள் வைத்தபிறகுதான் சரிவந்தது. அந்த ஒரு மணித்தியாலமும் சனத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கள்ளமும் இல்லாமலில்லை. வேண்டுமென்றே மெதுவான நேரம் எழுதிக் கொடுத்து, கடைசி 20 மீற்றரில் பிறேக் பிடித்துக் கணக்குச் சரிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் ஒருவர் செய்தார், இரண்டாம் சுற்றில் பிடி தவறித் தானே தோற்றார். அதிகம் பேர் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இரண்டே முறை நடத்திய அனுபவத்தில் சொல்லமுடியாது. 200 சிசிக்கு மேல் நாங்கள் ஓடவிட்டதே இல்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

பொடியள் இன்னும் முந்தி அடிப்பதைத்தான் கேட்கிறார்கள். அடுத்த முறை பரிசெல்லாம் கொடுத்து முடிந்தபின், விரும்பினவர்களுக்குக் கொடி போட்டு நாலு ஓட்டம் விடலாம் என்று பேசியிருக்கிறோம். பரிசு இல்லை, ஹெட் கழற்றும் கதையும் இல்லை. கிளச் அவரவர் பொறுப்பு.