கால்பந்து: வணிக வானொலியா, வணிகத் தொலைக்காட்சியா?

கால்பந்தில் ஒரு பாதி 45 நிமிடம். நடுவில் விளம்பரத்துக்கென்று இடைவெளி கிடையாது. விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் ஒளிபரப்பாளருக்கு அதுதான் தலைவலி. அதை நன்றாகச் சமாளிப்பது வானொலியா, தொலைக்காட்சியா என்று கேட்டால், வானொலிதான் என்பேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சி இதில் மோசமாகச் சறுக்கியது. 1967இல் சிபிஎஸ் அலைவரிசை ஒளிபரப்பிய ஓர் ஆட்டத்தில், தான் ஊதிய 21 ஃபவுல்களில் பதினொன்றை ஊதியது விளம்பரத்துக்கு நேரம் கொடுக்கத்தான் என்று நடுவரே ஒப்புக்கொண்டார். ஆட்டத்துக்கு இழைத்த துரோகம் என்றே இதைச் சொல்வேன். 1994 உலகக் கோப்பையில் ஏபிசி, ஈஎஸ்பிஎன் என்ற அமெரிக்க அலைவரிசைகள் நல்ல வழி கண்டன: ஆட்டம் தடைபடாமல் ஓடியது, திரையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் விளம்பரதாரரின் சின்னம் நின்றது. ஆட்டக்காரர் விதியை மீறி முன்னே நின்றாரா, அதாவது ஆஃப்சைடா இல்லையா என்று மறுகாட்சியில் பார்க்கத் தொலைக்காட்சிதான் வேண்டும், மறுக்கவில்லை. கிளப்புகளுக்குப் பெரும்பணம் வருவதும் அங்கிருந்துதான்.

ஆனால் வானொலிக்கு ஆட்டத்தை நிறுத்த வேண்டிய தேவையே வரவில்லை. பிரேசில் வானொலியைக் கேட்டுப் பாருங்கள். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, ஒருவர் அதை எடுத்து எறிய வரும் நான்கைந்து விநாடிக்குள் வர்ணனையாளர் ஸ்கோரையும் நேரத்தையும் சொல்லி, விளம்பரதாரர் பெயரையும் அதே மூச்சில் சேர்த்துவிடுகிறார். பந்து உள்ளே விழுந்ததும் குரல் மறுபடி ஓடுகிறது. மூச்சு தீரும்வரை நீளும் 'கோஓஓல்' முழக்கம் அந்த வானொலியின் சொத்து. மைதானத்தில் உட்கார்ந்து கண்ணால் ஆட்டத்தைப் பார்த்தவர்கள்கூட டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொண்டிருந்த நாடு அது.