டிப்ஸா, வேலைக் கதையா, கம்பெனிக் கணக்கா? ஃபண்டு ஆளுங்ககிட்ட எதைக் கேக்கலாம்

ஷேர் மார்க்கெட் பக்கம் ரிசர்ச், மியூச்சுவல் ஃபண்டு, புரோக்கிங்னு பெரிய இடத்துல வேலை பாக்குற நம்மூர் ஆளுங்களை நேர்ல பிடிக்கணும்னா பொங்கலை விட்டா கோயில் கொடைத் திருவிழாதான். மும்பைக்காரங்க சென்னைக்காரங்க எல்லாம் அப்பதான் ஊருக்கு வாராவ. பந்தல்ல கிடைக்கிறது ஒரு பத்து நிமிசம், அதுலயும் பாதி நேரம் யாராவது வந்து "எப்ப வந்தீய"ன்னு விசாரிச்சுக்கிட்டே இருப்பாவ. பேங்க் வேலைல இருந்து ஈக்விட்டி ரிசர்ச் (கம்பெனியை அலசி ஷேர் வாங்கலாமா வேண்டாமான்னு சொல்ற வேலை) பக்கம் தாவணும்னு நான் கிளம்புனப்போ மூணு விதமாவும் கேட்டுப் பாத்துட்டு ஒண்ணுல நின்னுட்டேன். அதனால இது நடுநிலையான அலசல் கிடையாது, முன்னாடியே சொல்லிருதேன்.

முதல் ரகம், "அண்ணாச்சி, இப்ப எதை வாங்கிப் போடலாம்?" இதுக்கு ரெண்டு வரி போதும். ரிசர்ச் அனலிஸ்டுக்குன்னே, ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி 2014ல தனி விதிமுறை போட்டுருக்கு, பந்தல்ல நின்னு ஷேர் பேரு சொல்லுறது அவங்களுக்கு வம்பு. அதைவிட மோசம் "இந்தக் குவார்ட்டர் (மூணு மாசக் கணக்கு) ரிசல்ட் எப்படி வரும்?"ங்கிறது. அவங்களுக்கு உள்விவரம் தெரியுதோ இல்லையோ, வெளிய வராத உள்விவரத்தை வச்சு ஷேர் வாங்கி விக்கக் கூடாது, அடுத்தவங்ககிட்ட சொல்லவும் கூடாதுங்கிற 2015 இன்சைடர் டிரேடிங் விதி இருக்கறதால மனுசன் அத்தோட வாயை மூடிருவாரு, அப்புறம் மழை பெஞ்சுதா, அணையில தண்ணி எவ்வளவுன்னுதான் பேச்சு ஓடும்.

ரெண்டாவது, "நீங்க எப்படிண்ணே இந்த வேலைக்கு வந்தீங்க?" இது நல்ல கேள்விதான், குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் தன் கதையைச் சொல்லப் பிடிக்கும், சேவியர் காலேஜ்லயோ சதக் காலேஜ்லயோ படிச்ச காலத்துல ஆரம்பிச்சு சூடா ஓடும். செபியோட பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம்ல ரிசர்ச் அனலிஸ்ட் பரீட்சை 15வது சீரிஸ், முதலீட்டு அலசலுக்கான சி.எஃப்.ஏ படிப்பு மூணு லெவல், இதெல்லாம் இணையத்துலயே கிடைக்கும், ஆனா முதல் வேலை யாரு மூலமா கிடைச்சுது, எந்த வேலையை வேண்டாம்னு சொன்னாங்கங்கிறது நேர்ல கேட்டாத்தான் வரும். சிக்கல் என்னன்னா கதை ஒரு தடவைதான். சொல்லி முடிச்சாச்சுன்னா அடுத்த மாசம் என்னன்னு மெசேஜ் போடுவீங்க? "குட் மார்னிங்" படமா?

நான் நின்னது மூணாவதுல. ஒரு கம்பெனியோட ஆண்டறிக்கையை நம்மளே உக்காந்து படிச்சு, எங்க முட்டிக்கிட்டு நிக்கோமோ அதை மட்டும் கேக்கிறது. கம்பெனியும் பக்கத்துல இருக்கிறதா எடுத்துக்கிட்டேன், திருநெல்வேலி பக்கம் தாழையூத்து சங்கர் நகர்ல ஃபேக்டரி வச்சிருக்கிற இந்தியா சிமெண்ட்ஸ். 2023-24ல நஷ்டம், 2024 டிசம்பர்ல அல்ட்ராடெக் கைக்குப் போச்சு, ஆனா அதுக்கப்புறமும் ஷேர் மார்க்கெட்ல தனியா லிஸ்ட் ஆகித்தான் இருந்துச்சு. சிமெண்டு வெயிட்டான சரக்கு, விலைக்குப் பாத்தா லாரி வாடகையே பெரிய செலவு, அதுக்கு மேல சூளைக்கு எரிபொருள், கரண்ட். இந்த மூணையும் வித்த டன்னால வகுத்து ஒரு தாள்ல எழுதிக்கிட்டு, சிமெண்டு பாக்குற அண்ணன் ஒருத்தர்கிட்டப் போயி, "சுண்ணாம்புக்கல் அதேதான், சூளை அதேதான், முதலாளி மட்டும் மாறுனா டன்னுக்கு ஆகிற செலவுல எது முதல்ல இறங்கும்ணே, எரிபொருளா வாடகையா?"ன்னு கேட்டேன். அண்ணன் அந்தத் தாளை வாங்கி, நான் சேத்து வச்சிருந்த ஒரு தொகையைச் சுழிச்சு "இது ஒரு தடவை வர்ற செலவுலா, இதைத் தள்ளிட்டுப் போடு"ன்னாரு. எடுத்து வச்ச சாப்பாட்டை மறந்துட்டு அங்கேயே நின்னு பேசிக்கிட்டு இருந்தாரு.

ஆனா நான் இதைப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் அந்தப் பேச்சு இல்ல, அதுக்கு அடுத்த பேச்சு. பழக்கத்தை உண்டாக்குறது லேசு, விடாம வச்சுக்கிடறதுதான் பாடு. லிஸ்ட் ஆன கம்பெனி ஒவ்வொரு குவார்ட்டர் முடிஞ்சு 45 நாளுக்குள்ள ரிசல்ட் போட்டாகணும், வருசக் கடைசி குவார்ட்டருக்கு மட்டும் 60 நாள். அப்போ வருசத்துக்கு நாலு தடவை நம்ம கேள்விக்குப் பாதி பதில் தானா வருது, புதுசா ஒரு சந்தேகமும் கூடவே வருது. "போன தடவை எரிபொருள்தான் முதல்லன்னு சொன்னீங்க, இப்ப வாடகையும் சேந்து இறங்கியிருக்கு, இது நிக்குமா?"ன்னு எழுதினா அது உதவி கேக்குற மாதிரியே இருக்காது, விட்ட இடத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கும். வேலை காலி இருக்கான்னு நான் கேக்கவே இல்ல, "உன் எக்செல்லை அனுப்பு, எங்க டீம்ல ஒருத்தர்கிட்ட காட்டுதேன்"னு அவராத்தான் சொன்னாரு. அதுக்காக எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

இதுல செலவு இல்லாம இல்ல. ஆண்டறிக்கையை ஒழுங்காப் படிக்க ராத்திரிகள் போகும், அரைகுறையாப் படிச்சுட்டுப் போனா ரெண்டாவது கேள்வியிலேயே தெரிஞ்சுரும், அதுக்கு வேலைக் கதையைக் கேட்டுட்டு வந்துறலாம். சிமெண்டு பாக்காத ஆளுகிட்ட சிமெண்டு கேக்கவும் கூடாது, பேங்க் செக்டர் பாக்குறவருன்னா 2022ல லிஸ்ட் ஆன நம்ம தூத்துக்குடி மெர்க்கண்டைல் பேங்க் இருக்கு, நகைக்கடன், டெபாசிட் வட்டின்னு ஆரம்பிக்கலாம். பிரைவேட் ஈக்விட்டி (பெரும்பாலும் லிஸ்ட் ஆகாத கம்பெனில பணம் போடுறது), ஸ்டார்ட்டப்ல முதலீடு பண்றவங்ககூட எனக்குப் பழக்கம் ரொம்பக் கம்மி. அங்க குவார்ட்டருக்குக் குவார்ட்டர் கணக்கு வெளிய வராததால இந்த வழி அவ்வளவா ஓடாதுன்னு தோணுது, அவங்ககிட்ட ரெண்டாவது ரகம்தான் சரியா இருக்கும்.

இன்னொண்ணு, ரிசல்ட் வாரத்துல மெசேஜ் போட்டுறாதீங்க. அவங்களுக்கு அப்ப சாப்பிடவே நேரம் இருக்காது. பிப்ரவரி, ஆகஸ்ட், நவம்பர்னா 20ஆம் தேதிக்கு மேல, மார்ச் கணக்குன்னா ஜூன் முதல் வாரம் தாண்டி அனுப்புங்க, அதுவும் ஒரே ஒரு கேள்வி, தாளோட போட்டோவும் சேத்து.