பெட்டரியை மாற்று, அல்டர்னேட்டரை மாற்று என்று சொல்லும் கராஜ்களைப் பற்றி

மலையகத்தில் பழைய கார், வேன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். என்னிடம் அறுபதாயிரம் ரூபாவுக்கு மேல் வாங்கிக்கொண்டு, உண்மையான பழுதில் கைகூட வைக்காமல் காரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் பலருக்கு இதே கதை நடப்பதாகக் கேள்விப்பட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

என்னுடையது எண்பதுகளில் வந்த லான்சர் பொக்ஸ். தலவாக்கலைக்கு மேலே தோட்டத்தில் இருக்கிறோம். இராத்திரியில் யாருக்காவது சுகமில்லை என்றால் எங்கள் லயத்து ஆட்கள் முதலில் வந்து கதவைத் தட்டுவது எங்கள் வீட்டில்தான். அதனால் இந்தக் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அது என் தனிப்பட்ட பிரச்சினை மட்டும் இல்லை.

குளிர் காலத்தில் தொடங்கியது. காலையில் செல்ஃப் (இஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் மோட்டர்) அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றும். இரவில் ஹெட்லைட் மங்கும். ஆனால் சார்ஜில் பழுது என்றால் டாஷ்போர்டில் எரிகிற சார்ஜ் லைட் எரியவே இல்லை. டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனட்டைத் திறந்து பார்த்த உடனேயே, "பெட்டரி செத்துருச்சு அண்ணே" என்றார். வோல்ட் மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. புதுப் பெட்டரி ரூபா 34,000. பழையதை அவரே வைத்துக்கொண்டார்.

சில வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழையபடி அதே இழுவை. திரும்பப் போனபோது, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டரியின் டெர்மினலைக் கழற்றினார். இஞ்சின் தடுமாறியது. "பாருங்க, அல்டர்னேட்டர் வேலை செய்யல" என்றார். இஞ்சின் ஓடும்போது கரண்ட் உற்பத்தி செய்து பெட்டரியைச் சார்ஜ் பண்ணுவது அல்டர்னேட்டர்தான். இந்தச் சோதனையை யாராவது உங்கள் வண்டியில் செய்ய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஓடும்போது பெட்டரியைக் கழற்றினால் வோல்டேஜ் திடீரென்று எகிறும். அல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடும் ரெகுலேட்டரும் அதிலேயே போய்விடலாம். கம்பியூட்டர் உள்ள வண்டி என்றால் சேதம் இன்னும் பெரிது.

ரீகண்டிஷன், அதாவது பழையதைச் சரிபார்த்துப் புதுப்பித்தது என்று சொல்லி, வெள்ளி பெயின்ட் அடித்த அல்டர்னேட்டர் ஒன்றைப் பூட்டினார். ரூபா 28,000. ஜப்பானில் இருந்து வண்டியோடு வந்த ஒரிஜினலைக் கேட்டேன். "அது எக்ஸ்சேஞ்ச் அண்ணே, திருப்பித் தர முடியாது" என்றார். முன்கூட்டி அப்படி ஒரு பேச்சே இருக்கவில்லை. பில்லும் தரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் இரவு, பிரசவ வலி எடுத்த ஒரு தங்கச்சியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். பனிமூட்டத்துக்குள் ஹெட்லைட் மஞ்சளாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டோம். தாயும் பிள்ளையும் நலம். இருந்தாலும் அந்த வளைவுகளில் எனக்குள் ஓடியதை நினைத்தால் இப்போதும் அந்தக் கராஜ்காரர் மேல் கோபம் வருகிறது.

கடைசியில் பழுதைக் கண்டுபிடித்தவர் வயரிங் வேலை செய்கிற ஒரு வயதான பாஸ். இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எல்லா லைட்டையும் போட்டார். முதலில் பெட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார்: 12.9 வோல்ட். அடுத்து அல்டர்னேட்டரின் அவுட்புட் போல்டிலும் அதன் உடம்பிலும் வைத்தார்: 14.3. "தம்பி, கரண்ட் உற்பத்தியாகுது, ஆனா பெட்டரிக்கு வந்து சேரல" என்றார். மீட்டரின் ஒரு குச்சியைப் பெட்டரி நெகடிவில் வைத்து, மறு குச்சியை இஞ்சினின் வெறும் இரும்பில் வைத்தார். 1.3 வோல்ட் காட்டியது. 0.2க்கு மேலே காட்டினாலே சந்தேகப்பட வேண்டிய இடம் அது. இஞ்சினையும் காரின் பொடியையும் (வெளிக்கூட்டையும்) இணைக்கிற எர்த் வயரைக் கழற்றிக் காட்டினார். உறைக்குள் செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு பிடித்து, சில இழைகள்தான் மிச்சம்.

எல்லாம் அப்போதுதான் விளங்கியது. செல்ஃப் மோட்டருக்குப் போகும் கரண்டும் அல்டர்னேட்டரின் கரண்டும் அந்த ஒரே வயர் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். அது கெட்டால் செல்ஃப் இழுக்கும், பெட்டரி செத்த மாதிரி தெரியும். சார்ஜும் குறையும், அல்டர்னேட்டர் போன மாதிரி தெரியும். அல்டர்னேட்டர் தன் அளவில் ஒழுங்காக வேலை செய்வதால் சார்ஜ் லைட் எரியாது. சில வண்டிகளில் கரண்ட் வேறு வழி தேடி அக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய், அது சுடக்கூடும். வருடத்தில் பாதி நாள் மழையும் பனியும் உள்ள எங்கள் ஊர்களில் இந்த வயர் அரிப்பது புதுமையே இல்லை. கராஜ் நடத்துகிறவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

புது வயருக்கும் கூலிக்கும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது லைட் எல்லாம் போட்ட நிலையிலும் பெட்டரியில் 14.1 நிற்கிறது. அந்த "ரீகண்டிஷன்" சாமானையும் பாஸ் திறந்து பார்த்தார். கார்பன் பிரஷ் தேய்ந்து முடியும் நிலையில் இருந்தது. என் ஒரிஜினல் இதைவிட நல்லதாக இருந்திருக்கும் என்பது அவர் கணிப்பு, என்னுடையதும் அதுதான்.

மீட்டர் இல்லாதவர்கள் ஒரு ஜம்பர் கேபிளை எடுங்கள். ஒரு முனையைப் பெட்டரி நெகடிவிலும், மறு முனையை இஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டி செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் தொங்கக் கூடாது. இழுத்த வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆனால் பழுது எர்த்தில். மீட்டர் இருந்தால், இரவு முழுக்க நிறுத்திய நல்ல பெட்டரியில் 12.6 அளவு இருக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இந்த எண்களைக் காட்டாமல் எந்தச் சாமானையும் மாற்ற விடாதீர்கள். கழற்றிய சாமான் உங்களுடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்குப் பில் இல்லாவிட்டாலும், பணத்தை வங்கியில் போட்ட சிலிப் கைவசம் இருந்ததால் அதன் பிரதியையும் பாஸ் எழுதித் தந்த குறிப்பையும் சேர்த்து வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை.