கிளிநொச்சி ஏ9 வீதியோரப் போட்டோக்கொப்பிக் கடை: வேலை சுத்தம், அறிவிப்புத்தான் பிழை

எழுத்து நல்ல கறுப்பாக விழுகிறது, ரோனர் கோடு இல்லை. தடித்த புத்தகத்தையும் கண்ணாடியில் அழுத்திப் பிடிப்பதால் நடு மடிப்பில் நிழல் குறைவு. ஸ்பைரல் போடக் கொடுத்தால் மட்டும் இடது ஓரத்தில் 15 மி.மீ. விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துளை எழுத்தில் ஏறிவிடும். இரு பக்கமும் எடுப்பதென்றால் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) தாள்; 70இல் பின்பக்கம் தெரியும்.

சுவரில் ஓர் அறிவிப்பு: 'கல்விக்காக முழுப் புத்தகமும் பிரதி எடுக்கலாம், நியாயமான பயன்பாடு.' இது சரியல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கற்பித்தல், ஆய்வு, விமர்சனம், செய்தி எல்லாவற்றையும் அனுமதி கேட்காமல் எடுக்கக்கூடிய நியாயமான பயன்பாட்டு நோக்கங்களாகச் சொல்வது உண்மை. ஆனால் கல்வி என்று சொன்னதும் கதவு திறந்துவிடாது. நோக்கம் வணிகமா, படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தார்கள், அதன் விற்பனைக்கு என்ன பாதிப்பு என்ற நான்கையும் சேர்த்தே பார்ப்பார்கள். சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. புத்தகம் முழுவதையோ பெரும்பகுதியையோ போட்டோக்கொப்பி எடுப்பதை அதே பிரிவு விலக்கியும் வைக்கிறது. பத்து வீதம் வரை பரவாயில்லை என்பார்கள். அப்படியொரு கணக்கு சட்டத்தில் இல்லை.

பாடசாலை ஆசிரியர் ஒரு கட்டுரையையோ சில பக்கங்களையோ மூலமும் எழுதியவர் பெயரும் போட்டு வகுப்புக்கு எடுத்தால் சிக்கல் குறைவு. காசு வாங்கும் ரியூசனுக்கு அந்தச் சலுகை கிடையாது, மேலே சொன்ன நான்கு அளவுகோலிலும் தேறினால்தான் எடுக்கலாம். கடந்தகால வினாத்தாளின் தலையிலேயே 'முழுப் பதிப்புரிமையுடையது' என்று இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை. சட்டங்களின் வாசகத்தை எவ்வளவும் பிரதி எடுக்கலாம். நூலாசிரியர் இறந்து 70 ஆண்டு கடந்த நூலையும் எடுக்கலாம், புதிய விளக்கவுரை சேர்ந்த பதிப்பென்றால் அந்த உரையை விட்டுவிடுங்கள்.

மேசைக்குப் பின்னால் உயர்தரப் பரீட்சைக் (ஏ/எல்) கையேடுகள் ஸ்பைரல் போட்டு அடுக்கியிருப்பது இன்னும் மோசம். இங்குள்ள ஆசிரியர்கள் கைக்காசு போட்டு அச்சடித்தவை அவை. இந்தக் கொப்பி ஒன்று விற்றால் அசல் ஒன்று தேங்கும். தெரிந்தே மீறினால் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சொந்தக் குறிப்பு, விண்ணப்பம், சான்றிதழ்ப் பிரதிக்கு இந்தக் கடையைத் தாராளமாகச் சொல்லலாம். கையேடு வேண்டுமென்றால் புத்தகக் கடைக்குப் போங்கள்.