விளையாட்டா, தோட்டமா? பினாங்குப் பெற்றோருக்கு

ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1837இல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். மரக்கட்டைகள், பந்துகளோடு தோட்டவேலையும் அங்கே பாடமாக இருந்தது. இன்று நாம்தான் வகுப்பறை விளையாட்டையும் தோட்டத்தையும் பிரித்துவைத்து, பிள்ளைக்கு எது நல்லது என்று கேட்கிறோம்.

வகுப்பறை விளையாட்டில் பேச்சு வளர்கிறது. "அக்கா, ரெண்டு தோசை எவ்வளவு?" என்று கடை வைத்து விளையாடும் பிள்ளை விலை கேட்கிறது, மீதிச் சில்லறையை எண்ணுகிறது, முறைக்காகக் காத்திருக்கிறது. பல்லாங்குழி போதும், கூட்டல் வந்துவிடும். மழை பெய்தாலும் விளையாட்டு நிற்காது. ஆனால் பொருள்களை எடுத்து வைப்பது ஆசிரியர். பிள்ளைக்கு எதிர்பாராதது குறைவு.

தோட்டத்தில் அப்படி இல்லை. தண்ணீர்மலைப் பக்கம் 1884இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். நாகலிங்கப்பூ மரத்தின் அடிமரத்திலேயே பூக்கிறது. ஏன் கிளை நுனியில் இல்லை? தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை மூடுகிறது, எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கும்? கேள்வி பிள்ளையிடமிருந்தே வருகிறது. மேடு பள்ளத்தில் நடந்து கால் உறுதியாகிறது. கண்ணுக்கும் நல்லது: வெளி வெளிச்சத்தில் அதிகம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது.

கொசுத் தொல்லை உண்டு, குரங்குகள் உணவுப்பையைப் பிடுங்கும். சரி, நீளக்கைச் சட்டை போடுங்கள், தீனியை வெளியே எடுக்காதீர்கள்.

அடுக்குமாடியில் வளரும் பிள்ளை என்றால் நான் தோட்டத்தைத்தான் முதலில் சொல்வேன். பேசத் தயங்கும் பிள்ளைக்குக் கடை விளையாட்டு.