முதல் வருஷ திராட்சை உர பேக்கேஜ் வாங்கலாமா? சரக்கு ஓகே, சார்ட் வேஸ்ட்

கம்பம் பக்கம் புதுசா பன்னீர் திராட்சை நடுறவங்களுக்குன்னு ஒரு உரக்கடையில முதல் வருஷ பேக்கேஜ்னு ஒண்ணு விக்கிறாங்க, கடை பேரு வேணாம், இதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு இடத்துலயும் இருக்கு. 19:19:19, 12:61:00, 13:00:45 (தண்ணில கரையற உரம், நம்பர் மூணும் வரிசையா தழை, மணி, சாம்பல்சத்து சதவீதம்), கால்சியம் நைட்ரேட், கொஞ்சம் மைக்ரோ நியூட்ரியன்ட், இதோட எந்த வாரம் எவ்ளோ ட்ரிப்ல (சொட்டுநீர்) விடணும்னு லேமினேட் பண்ண சார்ட் ஒண்ணு, நடுவுல ஃபீல்டு பையன் வந்து பாத்துட்டு போவான், இலைக்காம்பை லேப்ல குடுத்து கொடியில சத்து எவ்ளோ இருக்குன்னு பாக்கற டெஸ்ட் ஒரு தடவை ஃப்ரீ. போன ஆடியில நட்ட தோட்டத்துக்கு நாங்க வாங்குனோம், அதான் இந்த ரிவ்யூ.

முதல்ல சரக்கு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. பக்கெட்ல கரைச்சா அடியில மண்டி நிக்கல, ஃபில்டர் அடைக்கல, உரத்தண்ணிய ட்ரிப் லைனுக்குள்ள இழுக்கற வெஞ்சுரில ஒழுங்கா இழுக்குது. ஆனா வெலைய கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. 19:19:19 25 கிலோ மூட்டையில தழைச்சத்து 4.75 கிலோதான், 45 கிலோ யூரியா மூட்டையில 20 கிலோவுக்கு மேல இருக்கு, அது மானியத்துல 266 ரூபா சொச்சத்துக்கு வருது. மணிச்சத்து சாம்பல்சத்தும் சேந்து வருது, ட்ரிப்ல நேரா வேர்ல போய் விழுது, அதுக்கு காசு குடுக்கலாம் சரி, ஆனா வருஷம் பூரா எல்லாத்துக்கும் இதையே ஊத்தணும்னு அவசியம் இல்ல.

பிரச்சனையே அந்த சார்ட்தான். நட்ட முதல் வாரத்துலயே உரம் விட ஆரம்பிக்க சொல்லுது. வேர் புடிச்ச நாத்துன்னாலும் மண்ணு மாறி வந்தது, முதல்ல வர்ற ரெண்டு மூணு இலை அந்த குச்சிக்குள்ள இருக்கற சேமிப்புலதான் வருது, புது வெள்ளை வேர் ஓடுனதுக்கு அப்புறம்தான் அது மண்ணுல இருந்து எடுக்க ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி ஊத்துறது ஒண்ணு தண்ணியோட கீழ போயிரும் இல்ல உப்பா வேர் பக்கத்துல நின்னு இலை ஓரத்தை கருக்கிரும். எங்க பக்கத்து தோட்டத்துல சார்ட் படியே விட்டாங்க, இளம் இலை ஓரமெல்லாம் தீஞ்சு போய் நின்னுச்சு. "போட்டாதான மாமா வளரும்"னு மச்சான் எங்கிட்டயும் கேட்டுட்டேதான் இருந்தாரு, நான் துளிர் ஒரு சாண் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும்தான் விட்டேன், குழியில போட்ட தொழுஉரம் அதுவரைக்கும் தாராளமா போதும்.

சார்ட் போட்டவங்க காய்க்கிற கொடி கணக்கை அப்படியே சின்ன கொடிக்கு குறைச்சு எழுதிருக்காங்கன்னு பாத்தாலே தெரியுது. பெரிய கொடி கவாத்து (கிளைய வெட்டி விடறது) பண்ணுன உடனே துளிர்க்கறதுக்கு தண்டுலயும் வேர்லயும் போன சீசன்ல சேத்து வச்சதைத்தான் பெருசா எடுக்கும், பூ வர்ற சமயத்துல இருந்து காய் நிறம் மாறுற வரைக்கும்தான் மண்ணுல இருந்து இழுக்கறது ஜாஸ்தி. ஒரு வயசுக்குள்ள இருக்கற கொடிக்கு அந்த அளவு சேமிப்பு கிடையாது, பூவும் கிடையாது. அதுக்கு ஒரே வேலை தண்டு பந்தலை தொடணும், நுனி கிள்ளுனதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் கை, அதாவது பக்கக் கிளை, ஓடணும். அதனால அது வளர்ற வேகத்தை பாத்துதான் உரம், கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. வளர்ச்சி நின்னு போன வாரத்துல சார்ட்ல இருக்குன்னு ஊத்தி பிரயோஜனம் இல்ல, முதல்ல ஏன் நின்னுச்சுன்னு பாருங்க, பாதி நேரம் தண்ணி ஜாஸ்தியா இருக்கும் இல்ல டவுனி (அடிச்சாம்பல் நோய்) வந்திருக்கும்.

இதைவிட பெரிய கோளாறு, கை ஓடி முடியற நேரத்துல சார்ட் முடிஞ்சிருது. ஆனா முதல் கவாத்துக்கு முந்தி தண்டு தடிக்கணும், சேமிப்பு ஏறணும், அதுக்கு பச்சை இலையும் வேலை செய்யற வேரும் கொஞ்சம் சத்தும் அப்பவும் வேணும். 1980-லயே கான்ராடின்னு ஒருத்தர் சவுத் ஆப்பிரிக்காவுல ஒயின் திராட்சையில இதை அளந்து காட்டிருக்காரு, அங்க அறுப்பு முடிஞ்சதுக்கு அப்புறமும் கொடி நல்லாவே சத்து எடுக்குது. அமெரிக்காவுல ஒரேகான் மாதிரி குளிர் ஊர்ல அறுத்த கொஞ்ச நாள்ல இலை கொட்டிரும், அதனால அங்க அந்த நேரம் போடுறதுக்கு பெருசா மதிப்பு இல்ல. நம்ம ஊர்ல கொடி தூங்கறதே இல்ல, ரெண்டு கவாத்து ரெண்டு அறுப்புன்னு ஓடுது, நமக்கு எது பொருந்தும்னு நீங்களே பாத்துக்கோங்க. கேட்டா கடையில "அடுத்த பேக்கேஜ் வாங்குங்கண்ணே"ங்கறாங்க.

ஐப்பசி மழையிலயும் சார்ட்ல யூரியா இருக்கு. ஊத்துற மழையில யூரியா நைட்ரேட்டா மாறி மண்ணுக்கு கீழ போறதைத்தான் பாக்கணும், நம்மள மாதிரி மணல் கலந்த செவல் மண்ணுல சொல்லவே வேணாம். மிஞ்சுனதை கொடி எடுத்தாலும் வெறும் பச்சையா தழைஞ்சு டவுனிக்கு விருந்து வைக்கும். பொட்டாஷும், அதான் சாம்பல்சத்து, அளவுக்கு மேல இருக்கு, பொட்டாஷ் கூடுனா மக்னீசியம் ஏறாது, அடி இலையில நரம்பு பச்சையா நிக்க நடுவுல மஞ்சள் அடிக்கும், எங்களுக்கும் அடிச்சுச்சு, பொட்டாஷை குறைச்சு மக்னீசியம் சல்பேட் விட்டு சரி பண்ணுனோம். பின்னாடி ஒயினுக்கு பழம் குடுக்கற பிளான் இருந்தா இதுல இன்னும் கவனம், பழத்துல பொட்டாஷ் ஏறுனா ஜூஸோட பிஹெச் ஏறும், புளிப்பு குறைஞ்சு ஒயின் சப்புன்னு ஆயிரும்.

அந்த ஃபீல்டு பையன் மட்டும் தங்கம். கால்சியம் நைட்ரேட்டை 12:61 கூடவோ சல்பேட் எது கூடவோ ஒரே டேங்க்ல கலக்காதீங்கண்ணே, சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு டிரிப்பர் அடைச்சிரும்னு முதல் நாளே சொல்லிட்டான், சார்ட்ல அது ஒரு வரி கூட இல்ல.

ஃப்ரீ டெஸ்டை முதல் வருஷத்துல பண்ணாதீங்க. கவாத்து பண்ணி 45 நாள்ல 5-வது இலைக்காம்பு எடுக்கணும்னுதான் அளவுகோலே இருக்கு, கவாத்தே பாக்காத கொடியில காம்பை கிள்ளி அனுப்பி என்ன ரிசல்ட் வந்தாலும் எதோட ஒப்பிடுவீங்க? ரெண்டாம் வருஷத்துக்கு தள்ளி வைங்கன்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க, நீங்களும் கேளுங்க. நடுறதுக்கு முன்னாடி மண்ணும் போர் தண்ணியும் டெஸ்ட் பண்றதுதான் முக்கியம், பேக்கேஜ்ல அது இல்ல, தனியா பண்ணிக்கோங்க. ஆனைமலையன்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு, சந்தேகம்னா கடைக்கு போறதுக்கு முன்னாடி அங்க போய் கேக்கலாம்.

சரக்குக்கு 4 ஸ்டார், பையனுக்கு 5, சார்ட்டுக்கு 1. பேக்கேஜா வாங்காம 19:19:19-ம் கால்சியம் நைட்ரேட்டும் மட்டும் உதிரியா கேளுங்க, மொதல்ல இல்லைம்பாங்க, கொஞ்ச நேரம் நின்னா குடுத்துருவாங்க.