மே மாத வார இறுதி: யோசெமிட்டியா, செக்கோயாவா?

இரண்டும் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இருக்கும் தேசியப் பூங்காக்கள். இரண்டே நாள், கையில் கேமரா. அருவிதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், யோசெமிட்டிதான். 739 மீட்டர் உயர யோசெமிட்டி அருவி, பனி உருகும் மே மாதத்தில் முழு வேகத்தில் கொட்டும். ஆகஸ்டில் போனால் பல வருடங்களில் வெறும் பாறைதான். குக்ஸ் புல்வெளியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அருவியே தலைகீழாகத் தெரியும். பௌர்ணமியும் தெளிந்த வானமும் அமைந்தால், கீழ் அருவியின் சாரலில் நிலா வானவில்கூட மாட்டும். ட்ரைபாட் கட்டாயம். லென்ஸ் துடைக்க ஒரு துணி போதாது.

சரி, மரம்? யோசெமிட்டியில் ராட்சத செக்கோயா மரங்கள் நிற்கும் மாரிபோசா தோப்பு, அருவி இருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அரை நாள் போய்விடும்.

செக்கோயாவில் அந்த அலைச்சல் இல்லை. ரவுண்ட் மெடோவைச் சுற்றும் சின்னப் பாதையில் நடுவே ஈரப் புல், விளிம்பில் ராட்சத மரங்கள். இரண்டும் ஒரே ஃபிரேமில் அடங்கும். கன அளவில் உலகிலேயே பெரிய மரமான ஜெனரல் ஷெர்மன் சுமார் 84 மீட்டர் உயரம். அடியில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரை நிறுத்தாவிட்டால் படத்தில் அதுவும் சாதாரண மரம்தான். டோகோப்பா அருவி பாறையில் சறுக்கி இறங்கும் ரகம், அந்த மிரட்டல் இல்லை. அப்புறம், மே தொடக்கத்தில் அங்கே பனி கிடக்கலாம்.

கூட்டம் பிடிக்காத எனக்கு செக்கோயாதான். பௌர்ணமி வார இறுதி என்றால் மட்டும் மனசு மாறும்.